சாராயப் பீப்பாய்த் தெப்பமும் கப்டன் நல்லதம்பியும்

அக்காள் மகள் திரேசாவுக்கு மாப்பிள்ளை பார்க்கத்தான் நான் கண்டிக்குப் போனேன். மாப்பிள்ளை மரியதாஸ், கெலிஓயாவில் பாக்கும் கொக்கோவும் வாங்கி விற்கும் ஒரு முதலாளியிடம் கிளாக்கர். போட்டோவில் நன்றாகத்தான் இருந்தான். போட்டோவில் எவன்தான் நன்றாக இல்லை? "குடிப்பானா, பல்லெல்லாம் சொந்தப் பல்லா, ஒழுங்காகக் கோயிலுக்குப் போவானா, எல்லாவற்றையும் உன் கண்ணால் பார்த்துவிட்டு வா" என்று அக்காள் தூத்துக்குடித் துறைமுகத்தில் நின்று கத்தினாள். கப்பலில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என் பல்லைப் பார்த்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. நான் அப்போது உப்பளத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். உப்பளத்துக்காரர்களுக்கு மழை ஆகாது. வானத்தில் ஒரு கறுப்பு மேகம் தலைகாட்டினாலே எங்கள் முதலாளிக்கு நெஞ்சு வலிக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவன் கண்டி ஸ்டேஷனில் இறங்கினால் மழை. ரிக்‌ஷாவில் ஏறினால் மழை. ரிக்‌ஷாவுக்குள்ளேயும் மழை. "எப்பப்பா நிக்கும்?" என்று இழுத்தவரைக் கேட்டேன். "எது?" என்று கேட்டார் அவர்.

வாவி என்று அங்கே சொல்கிற ஏரிக்குப் பின்னால் ஒரு சந்தில், யாழ்ப்பாணத்து அம்மாள் ஒருவர் நடத்திய சாப்பாட்டு விடுதியில் தங்கினேன். சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, மாசிச் சம்பல், சொதி. சோற்றின் நிறத்தைப் பார்த்துச் சற்றுத் தயங்கினேன். சம்பல் நாக்கில் பட்டதும் தயக்கம் போய்விட்டது. நாக்கும் கூடவே போனது. நாற்காலிக்கு அங்கே கதிரை என்று பெயர். ஜன்னலோரம் ஒரு பிரம்புக் கதிரை காலியாக இருந்ததால் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். நான் உட்கார்ந்ததிலிருந்து மேசையில் யாரும் பேசவில்லை என்பதைச் சோறு பாதி இறங்கிய பிறகே கவனித்தேன்.

"எழும்பும் காணும்!"

திரும்பினேன். காக்கி உடுப்பு, பளபளக்கும் தோல் இடுப்புவார், எண்ணெய் போட்டு முறுக்கிய மீசை. ஆள் என் தோள் உயரம்தான். குரல்தான் கூரையை முட்டியது.

"அது என்ர கதிரை."

"பேர் ஒண்ணும் எழுதியிருக்கலையே" என்றேன்.

"எழுதத் தேவையில்லை. கண்டி முழுக்கத் தெரியும்."

நான் இலையைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர் என் ஊர், தொழில், வந்த காரியம் எல்லாவற்றையும் போலீஸ்காரர் மாதிரி விசாரித்தார். மாப்பிள்ளை கதையைச் சொன்னேன். "பேரென்ன? மரியதாஸோ? என்னட்டைக் கூட்டிவாரும். ஒரு ஆளை ஒருக்காப் பாத்தனெண்டால் எடை போட்டிடுவன்."

"வேண்டாம் ஐயா. நாங்க உப்பு எடை போடுற ஆளுங்க. நானே போட்டுக்கிடுவேன்."

மேசையில் யாரோ சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்கள். அவர் மீசையை ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு எழுந்து போனார்.

அவர் போன பிறகு விடுதி அம்மாள் விவரம் சொன்னார். பெயர் நல்லதம்பி. கிழமை நாட்களில் நில அளவைக் கந்தோரில், அதாவது ஆபீசில், உத்தியோகம். சனி, ஞாயிறு வந்தால் தொண்டர் படையில் கப்டன். "ஏதாவது சண்டைக்குப் போயிருக்காரா அம்மா?" என்று கேட்டேன்.

"ஓம், சண்டை பிடிச்சிருக்கிறார். சாப்பாட்டு விசயத்தில என்னோட."

மறுநாள் அம்பிட்டியாவுக்கு ஏறினேன். அங்கே மாதா கோயில் சாமியார் ஒருவருக்கு மரியதாஸைச் சிறு வயதிலிருந்தே தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். மலைப்பாதை முழுக்கச் செம்மண் சேறு. இரண்டடி ஏறினால் ஓரடி வழுக்கும். சாமியார் நல்ல மனிதர். எனக்குத் துவட்டத் துண்டு கொடுத்து, கருப்பட்டிக் கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்க பாலில்லாத வெறுந்தேத்தண்ணீரும் கொடுத்தார். "மரியதாஸா? பூசைக்குத் தவறாமல் வருவான். தங்கமான பையன்." தன் கோயிலுக்கு வருகிற எல்லாரையும் எல்லாச் சாமியாரும் தங்கம் என்றுதான் சொல்வார்கள். நான் பல்லைப் பற்றிக் கேட்டேன். சாமியார் என் கையிலிருந்த துண்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "உமக்கு வேறு வேலை இல்லையா?" என்றார். இறங்கும்போது பாதி மலையை உட்கார்ந்தபடியே இறங்கினேன். வேட்டி அதற்குப் பிறகு எந்தச் சலவைக்கும் வெளுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கெலிஓயாவுக்கு பஸ் பிடித்தேன். கம்பளை வரை போகிற பஸ். முன் இருக்கையில், டிரைவருக்குப் பக்கத்தில், முழு உடுப்பில் கப்டன் நல்லதம்பி. கம்பளையில் அவருடைய ஆட்களுக்கு அணிவகுப்பாம். என்னைப் பார்த்துத் தலையை ஒரு நூலளவு அசைத்தார். பஸ் கூரை ஒழுகியது. ஒரு பெரியவர் பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்துக்கொண்டார். அந்தக் குடையிலிருந்து வடிந்த தண்ணீரெல்லாம் என் மடியில் விழுந்தது. பின்னால் ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மாள் மடியில் கோழிக்கூடையை வைத்திருந்தார். பேராதனை தாண்டியதும் மகாவலி கண்ணில் பட்டது. ஆறு என்று எனக்குத் தெரிந்தது தாமிரபரணி; கோடையில் வேட்டியை மடித்துக் கட்டினால் கடந்துவிடலாம். இது தேநீர் நிறத்தில், மரங்களையும் மாட்டையும் புரட்டிக்கொண்டு ஓடியது. பஸ்ஸில் பேச்சு அடங்கிவிட்டது. கோழிகள் மட்டும் எதையோ பேசிக்கொண்டிருந்தன.

கெலிஓயா கடைத்தெருவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ரோடு தண்ணீருக்குள் போய்விட்டது. டிரைவர் பஸ்ஸை மேட்டில் நிறுத்தினார். அந்த மேட்டில் இருந்த ஒரே கட்டடம் தவறணை. நம் ஊரில் சாராயக்கடை என்போமே, அதுதான். கீழே தெருவே ஆறாக ஓடியது. கடைகளின் கூரைகள் மட்டும் தெரிந்தன. நடுவில் ஒரே ஒரு மாடிக் கட்டடம், அந்தப் பாக்கு, கொக்கோ முதலாளியின் சரக்குக் கிட்டங்கி. அதன் மேல்மாடி ஜன்னல்களில் ஆட்கள் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள். சந்தைக்கு வந்த தோட்டத்து ஜனங்கள், பக்கத்துக் கடைச் சிங்களக் குடும்பங்கள், முதலாளி வீட்டுப் பெண்கள், குழந்தைகள். விடியற்காலையில் தண்ணீர் ஏற ஏற எல்லாரும் அங்கே ஓடியிருக்கிறார்கள். ஆற்றுத் துறையிலிருந்து தோணிக்காரர் ஒருவர் அவர்களை எடுக்க வந்தாராம். தோணியும் அவரும் எங்கே போனார்களென்று யாருக்கும் தெரியவில்லை.

அதைக் கேட்டதும் கப்டன் தொப்பியைக் கழற்றினார். ஒரு நொடி நின்றார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு தொடங்கியது அந்தக் குரல்.

"பஸ்ஸில இருக்கிற கயிறு முழுக்க இறங்கட்டும்! தவறணைக்காரர் எங்கை? வெறும் பீப்பாய் எத்தினை இருக்குது? எல்லாத்தையும் உருட்டுங்கோ! அந்தக் கதவைக் கழற்றுங்கோ!"

"ஐயா, அது என் கடைக் கதவு" என்றார் தவறணைக்காரர்.

"கதவு இருந்தால் பூட்டுவீர். இண்டைக்குப் பூட்டத் தேவையில்லை. கழற்றும்!"

பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்தவர்களில் ஒருவன் ஒரு பீப்பாயைக் கட்டிப்பிடித்தபடி என் முன்னால் வந்து நின்றான். மூக்கு, நெற்றி, போட்டோவில் பார்த்தது போலவே. சாராய வாடை குப்பென்று அடித்தது. "வாங்க மாமா! நீங்கதானே தூத்துக்குடி மாமா? நேத்தே வருவீங்கன்னு பார்த்தேன்" என்று சிரித்தான். எல்லாம் சொந்தப் பல்தான். ஆனால் அக்காளுக்கு இதை எப்படி எழுதுவது என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. மாப்பிள்ளையை நான் முதலில் கண்டது தவறணை வாசலில், கையில் பீப்பாயோடு.

பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, மேலே கதவைப் போட்டார்கள். தெப்பம் தயார். ஆனால் கிட்டங்கிக்கு ஒரு கயிறு போய்ச் சேர்ந்தால்தான் தெப்பத்தை இழுக்க முடியும். மரியதாஸ் சட்டையைக் கழற்றினான். "சேர், எனக்கு நல்லா நீச்சல் தெரியும். நான் போறேன்."

"உம்மட பேரென்ன?" என்று கேட்டார் கப்டன்.

"மரியதாஸ், சேர்."

கப்டன் அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் நிக்கேக்கை ஒரு கிளாக்கர் முன்னுக்குப் போறதோ? கயித்தை இஞ்சை தாரும்."

திமிரைப் பாரேன் என்றுதான் நினைத்தேன். பூட்ஸைக் கழற்றினார், மேல்சட்டையைக் கழற்றினார், காற்சட்டையையும் கழற்றி மடித்துக் கோழிக்கூடை அம்மாளிடம் கொடுத்தார். உள் நிக்கரும் தொப்பியுமாய் நின்றவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணைச் சுருக்கி வெள்ளத்தைப் பார்த்தார். நிலத்தை அளக்கிறவர் பார்க்கிற பார்வை. ரோட்டோரமாய்க் கொஞ்ச தூரம் மேலே நடந்து போய் இறங்கினார்.

கையும் காலும் நாலா பக்கமும் போயின. இப்படியொரு நீச்சலை நான் கண்டதில்லை. இராணுவ நீச்சல் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளம் அவரைக் கிட்டங்கியைத் தாண்டிக் கொண்டுபோயிற்று. நாங்கள் கயிற்றைப் பிடித்துக் கரைக்கு இழுத்தோம். இருமினார், துப்பினார். "இன்னும் மேல போகவேணும்" என்று மட்டும் சொன்னார். இந்தத் தடவை இன்னும் மேலே போய் இறங்கினார். வெள்ளம் அவரைச் சாய்வாக இழுத்து வந்து, கிட்டங்கி வாசலில் நின்ற பலாமரத்தில் மோதியது. மரத்தைக் கட்டிப்பிடித்தார். கிளை வழியாக ஜன்னலுக்குப் போனார். கரையில் எழுந்த கூச்சலில் கோழிகள் கூடையைவிட்டே பறந்தன.

அவர் அங்கே ஒரு தூணில் கயிற்றைக் கட்டியதும் மரியதாஸ் தெப்பத்தோடு போய்ச் சேர்ந்தான். பிறகு தெப்பம் போவதும் வருவதுமாக இருந்தது. நாங்கள் பஸ் பயணிகள் எல்லாரும் இழுத்தோம். எனக்குப் பேனா பிடித்த கை. தோல் உரிந்து எரிந்தது. மாடியிலிருந்து தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று பாஷையிலும் கட்டளை வந்துகொண்டிருந்தது. "வரிசையில நில்லுங்கோ! பிள்ளையள் முதல்! அந்த ஆட்டை விடும் காணும், அது நீந்தும்!"

நடுவில் ஒரு தடங்கல். முதலாளியின் தாயார் தெப்பத்தில் ஏற மறுத்தார். பிறகு மரியதாஸ் சொல்லித்தான் காரணம் தெரிந்தது.

"நிக்கரோட நிக்கிற ஆம்பிளைக்குப் பக்கத்தால நான் போக மாட்டேன்" என்றாராம் அந்த உம்மா.

கப்டன் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லையாம். "சரி உம்மா. உடுக்க ஏதாவது தாருங்கோ."

உம்மா தம் பெட்டியைத் திறந்து, காலமான கணவரின் பட்டுச் சாரத்தை எடுத்துக் கொடுத்தார். கப்டன் அதை உடுத்திக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, உம்மாவுக்கு ஒரு சலாம் வைத்தார். அதன் பிறகுதான் உம்மா தெப்பத்தில் ஏறினார். ஊதா நிறப் பட்டுச் சாரமும் இராணுவத் தொப்பியுமாக ஜன்னலில் நின்று கத்துகிற ஆளைக் கரையிலிருந்து பார்த்தபோது, எனக்கு ஒன்றும் புரியவில்லை; இழுத்துக்கொண்டே இருந்தேன்.

கடைசித் தடவை. தெப்பத்தில் மரியதாஸ், ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண், அவளுடைய சின்னக் குழந்தைகள். மாடியில் கப்டன் மட்டும். தெப்பம் பாதி வழி வந்திருக்கும், கிட்டங்கியின் பக்கச் சுவர் சத்தமே இல்லாமல் சரிந்தது. கயிறு கட்டியிருந்த தூண் சாய ஆரம்பித்தது. தூண் போனால் தெப்பத்தின் பின் கயிறு தளர்ந்துவிடும். வெள்ளம் தெப்பத்தைப் புரட்டிப் போட்டுவிடும். நாங்கள் அலறினோம். அவர் தூணிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். தம் இடுப்பில் சுற்றினார். ஜன்னல் நிலையில் இரண்டு காலையும் ஊன்றி மல்லாந்து சாய்ந்துகொண்டார்.

"இழுங்கோ!" என்றார். "என்னைப் பாக்காதேயுங்கோ, இழுங்கோ!"

இழுத்தோம். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன். தெப்பம் மேட்டில் முட்டியது. மரியதாஸ் குழந்தைகளைத் தூக்கி எங்கள் மேல் எறிந்தான். அந்தத் தாயையும் இறக்கினோம். நான் கண்ணைத் திறந்தபோது மாடியும் இல்லை, ஜன்னலும் இல்லை. தண்ணீர் மட்டும் புழுதி நிறத்தில் சுழன்றது.

"கயிறு! மாமா, கயிற அவர் இடுப்புல சுத்தியிருக்காரு!" என்று மரியதாஸ் கத்தினான். கயிற்றின் மறுமுனை இன்னும் தெப்பத்தில்தான் இருந்தது. எல்லாரும் பாய்ந்து பிடித்தோம். கனத்தது. நின்று நின்று வந்தது. மரியதாஸ் கழுத்தளவு தண்ணீரில் இறங்கி அவரைத் தூக்கிக்கொண்டு வந்தான். நெற்றியில் ரத்தம். மூச்சு இல்லை. கவிழ்த்துப் போட்டு முதுகை அமுக்கினோம். தோட்டத்து அம்மாள் மாதாவைக் கூப்பிட்டார். உம்மா அல்லாவைக் கூப்பிட்டார். தவறணைக்காரர் புத்தரைக் கூப்பிட்டார். நான் யாரைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை. அழுதுகொண்டிருந்தேன் என்று பிற்பாடு மரியதாஸ் சொன்னான். நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

தண்ணீர் வெளியே வந்தது. கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்து உதட்டை அசைத்தார். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"எண்ணினீரோ?"

ஆட்களை எண்ணிப் பார்த்தோமா என்று கேட்கிறார். எண்ணினோம். மாடியில் இருந்தவர் அத்தனை பேரும் மேட்டில் இருந்தார்கள். சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். தேத்தண்ணீர்க் கோப்பையை நான்தான் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

மூன்று நாள் கெலிஓயாப் பள்ளிக்கூட மண்டபத்தில் எல்லாரும் ஒன்றாகக் கிடந்தோம். பாண் என்கிற ரொட்டி, பருப்பு, கருவாடு. கருவாடு தூத்துக்குடிக் கருவாடு. எனக்கு முன்னாலேயே இங்கே வந்து பெயர் வாங்கியிருந்தது. தோணிக்காரரின் உடலை மூன்றாம் நாள் கீழே எங்கோ எடுத்தார்கள். அடக்கத்துக்கு எல்லாரும் போனோம். கப்டன் தலைக்கட்டோடு வந்து, குழிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். குரல் முழுக்கப் போய்விட்டிருந்தது.

மண்டபத்தில் வைத்துத்தான் மரியதாஸ் விஷயத்தைச் சொன்னான். "மாமா, அவருக்கு நீச்சலே தெரியாது."

"என்னப்பா சொல்ற?"

"மாடியில வச்சு நான் கேட்டேன், 'நீங்க நல்லா நீந்துறீங்களே சேர்'ன்னு. 'நான் எங்கை நீந்தினன்? என்னை வெள்ளம் கொண்டுபோனது. எங்கையிருந்து இறங்கினால் இஞ்சை கொண்டுவந்து விடுமெண்டு அளந்துதான் இறங்கினன்' அப்படின்னாரு. அப்ப ஏன் சேர் என்னைய அனுப்பலன்னு கேட்டேன். 'உம்மைப் பாக்க ஒரு ஆள் கடல் தாண்டி வந்திருக்குது. உமக்கு ஒண்டு நடந்தால் அந்த ஆளுக்கு நான் என்ன சொல்லுறது?' அப்படின்னாரு."

மண்டபத்தின் மூலையில் உட்கார்ந்து, ஒரு கையால் மீசையை முறுக்க முயன்றுகொண்டிருந்த அந்தச் சிறிய உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டிக்குத் திரும்பிய பிறகு ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் வெள்ளச் செய்தி வந்தது. மறுநாள் சாவகாசமாகப் படகோடு வந்து சேர்ந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் படம் பெரிதாக இருந்தது. மீட்பெல்லாம் அவருடைய துரித நடவடிக்கையாம். எனக்குக் கொதித்தது. விடுதியில் பத்திரிகையைக் கப்டன் முன்னால் விரித்தேன். வாசித்தார். படத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கிசுகிசுத்த குரலில், "துடுப்பைத் தலைகீழாப் பிடிச்சிருக்கிறான்" என்றார். அவ்வளவுதான். அப்பத்தைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்தார்.

அக்காளுக்குத் தந்தி கொடுத்தேன்: மாப்பிள்ளை சரி. மறுநாளே பதில் தந்தி: குடிப்பானா? பீப்பாய் விவகாரத்தைத் தந்தியில் விளக்க முடியாது. இல்லை என்று மட்டும் அடித்தேன்.

புறப்படுகிற நாள் மழை விட்டு வெயில் அடித்தது. கப்டனிடம் சொல்லிக்கொள்ளத் தேடினால் ஆளைக் காணோம். "அம்பிட்டியாப் பக்கம் ஓடைக்குப் போயிருக்கிறார். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாமெண்டவர்" என்று சொல்லிவிட்டு, விடுதி அம்மாள் எனக்கு வழியும் சொன்னார்.

ஓடை ஓரிடத்தில் தேங்கி, மார்பளவு மடுவாக நின்றது. கரையில் காக்கி உடுப்பு ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. தண்ணீரில் கப்டன், தலையில் தொப்பியோடு, குப்புறக் கிடந்தார். வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கியபடி மரியதாஸ். "காலை அடிங்க சேர். மூச்சை விடுங்க. தலையைத் தூக்காதீங்க." கப்டனுக்கு யாராவது கட்டளையிட்டு அன்றுதான் கேட்டேன். நான் ஒரு புதருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

மரியதாஸ் என்னைக் கண்டுவிட்டான். வாயில் விரலை வைத்தான். பிறகுதான் கவனித்தேன், அவனுடைய இரண்டு கையும் தண்ணீருக்கு மேலே இருந்தன. கப்டன் தன்பாட்டில் போய்க்கொண்டிருந்தார். கோணலாகத்தான் போனார். ஆனால் போனார்.

"பிடிச்சிருக்கிறீர்தானே?" என்று கரகரத்த குரலில் கேட்டார்.

"கையை விட்டு ரொம்ப நேரமாச்சு, சேர்."

அந்த இடத்திலேயே மூழ்கிப் போனார். தொப்பி மட்டும் மிதந்தது. நாங்கள் இரண்டு பேரும் பாய்வதற்குள் அவரே எழுந்து நின்றுவிட்டார். மார்பளவுத் தண்ணீர்தானே. மூக்கிலிருந்து தண்ணீரைச் சிந்தினார், தொப்பியை எடுத்துப் பிழிந்து போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தும் பாராதவர்போல் மரியதாஸ் பக்கம் திரும்பினார்.

"அடுத்தமுறை விட்டால் எனக்குச் சொல்லக்கூடாது. விளங்குதோ? ம், பிடியும்."